கூப்பிட்டபோது வீட்டில்தான் இருந்தேன்

டிசம்பரில் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டு சாந்தா என் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"மருந்தம்மா... வூட்ல இருக்கீங்களா?"

இருந்தேன். படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, தரையில். எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

கொடுக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை... நிஜமாகவே, கையால்.

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு இதுதான் பதில். 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வரியில் தப்பித்துக்கொண்டிருக்கலாம். ஆனால், மூட்டு வலியை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறேன் என்று உங்களிடம் இவ்வளவு நாள் பீற்றிக்கொண்டுவிட்டு, அது என்னை ஏமாற்றிய அன்றைக்கு மட்டும் கமுக்கமாக இருந்தால் எப்படி?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. பாப்பிரெட்டிப்பட்டியில் தனியாக இருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் என்பதால் தெருவுக்கே நான் 'மருந்தம்மா'. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் அருள், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்கு மூட்டு வாதம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கைவிரல்களோ, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு என் பேச்சைக் கேட்காது.

அதற்கென்று சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறேன். எழுந்ததும் வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். பாட்டில் மூடிகளுக்கு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன், பிடி கிடைக்கும். மாத்திரை அட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டித்தான் பிரிப்பேன். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்த கை இது! குழாய்த் திருகை மாற்றி, முழங்கையாலேயே தள்ளித் திறக்கிற மாதிரி நீளக் கைப்பிடி போட்டாயிற்று. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியாயிற்று.

தரையில் மட்டும் உட்காரக் கூடாது. டாக்டர் முதலில் சொன்னதே அதுதான். "உக்காந்தா நீங்களா எந்திரிக்க முடியாதும்மா."

வலியோடு வாழப் பழகிக்கொள்ளலாம். பயம் அப்படி இல்லை. என் பயத்துக்கு ஒரு ஊர் உண்டு... ஓசூர்.

சிரிக்காதீர்கள். ஓசூரில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். போன மழைக்காலத்தில் கடைத்தெருவில் கால் தடுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. அருள் ஓடி வந்து கையோடு அழைத்துப் போய்விட்டான். மூன்றாவது மாடி, லிஃப்ட், பளபளவென்று டைல்ஸ். மருமகள் ஷீலா தங்கமான பெண்.

அங்கேதான் சிக்கலே.

எழுந்தால் காபி கைக்கு வரும். தட்டில் சோறு பிசைந்தே வரும். "அத்தை, நீங்க எதுக்கு? நான் பாத்துக்கறேன்" - இதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். அடுப்பைத் தொடக் கூடாது, சூடு பட்டுவிடும். துணி மடிக்கக் கூடாது, விரல் வலிக்கும். இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். "யாராச்சும் பெல் அடிச்சா நீ எந்திரிச்சு வரத் தேவையில்ல பாரும்மா" என்பான் அருள்.

அன்புதான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பில் உட்கார்ந்து உட்கார்ந்து என் கால்கள் இறுகிப்போயின. ஊர் திரும்புகிற அன்றைக்கு பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. போகும்போது ஏறின அதே கால். இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன்? கட்டிலில் இருந்துகொண்டு கையை நீட்டுகிற ஓர் உருவம். தண்ணீருக்கும் ஆள், பாத்ரூமுக்கும் ஆள்.

அழுது அடம்பிடித்துத்தான் திரும்பி வந்தேன். கொண்டுவந்து விட்ட அருள், கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டான்.

"இன்னொரு தடவ விழுந்தேன்னா பேச்சே இல்லம்மா. வூட்டப் பூட்டிட்டு வந்துரணும்."

அதோடு விட்டானா? பக்கத்து வீட்டுக்குப் போய் சாந்தாவிடம் தன் போன் நம்பரைக் கொடுத்தான். என் கண்ணெதிரேதான். "அக்கா, அம்மாவுக்கு எதுனா ஆச்சுன்னா எனக்கு ஒரு போன் போட்டுருங்க."

"சரிங்க தம்பி" என்று தலையாட்டினாள் சாந்தா.

சாந்தா டெய்லர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின், இந்தப் பக்கம் என் சமையலறை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். மாமனாரின் சுகர் மாத்திரையில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் ஓடி வருவாள். நல்ல சிநேகிதி என்றே சொல்லலாம்.

ஆனால் அவளிடம் அந்த நம்பர் போன நாளிலிருந்து எனக்கு அவளைப் பார்த்தால் பயம். அவள் வாசலில் நின்றால் நான் நொண்டாமல் நடப்பேன். கோலம் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். "கால் எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டால், "ஓ, பிரமாதம்!" வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பிரமாதம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? தனியாக இருக்கும் நம்மில் பலர் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, அந்த டிசம்பர் காலைக்கு வருகிறேன்.

சித்தேரி மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள் ஓர் அட்டைப்பெட்டியில், கட்டிலுக்கு அடியில் இருந்தன. துடைப்பக் குச்சியால் அதை இழுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குனிந்து இழுத்தேன். பெட்டி எதிலோ மாட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். மெத்தை விரிப்பு சரிந்தது... நானும் அதோடு சேர்ந்து மெதுவாக வழுக்கித் தரைக்கு வந்துவிட்டேன்.

அடி இல்லை. ரத்தம் இல்லை. வாயில் வந்த முதல் வார்த்தை, "மாதாவே." மனதில் வந்த முதல் கேள்வி - இதை விழுந்ததாகச் சேர்க்க வேண்டுமா, வழுக்கினதாகச் சொல்லிக்கொள்ளலாமா?

எழுந்திருக்கப் பார்த்தேன். கட்டிலில் கையை ஊன்றினால் மணிக்கட்டு வலி உயிர் போகிறது. முழங்கையை ஊன்றினால் மெத்தை நகர்கிறது. பீரோ கைப்பிடியைப் பிடித்தால் விரல் மூடவே மாட்டேன் என்கிறது. முழங்காலை மடக்கி ஊன்றலாம் என்றால், அது மடங்குகிற காலா?

சமையலறையில் போன் அடித்தது. அருள்தான். ஷிப்டுக்குள் போகும் முன் தினமும் கூப்பிடுவான். உள்ளே போய்விட்டால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுக்க முடியும். அடித்து ஓய்ந்தது. 'சர்ச்சுக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொள்வான்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் சாந்தாவின் குரல்.

"மருந்தம்மா... வூட்ல இருக்கீங்களா? மாமாவுக்குப் புது மாத்திர குடுத்திருக்காங்க. சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயான்னு கேக்கலாம்னு வந்தேன்."

வாயைத் திறந்தேன். 'சாந்தா' என்று கூப்பிடப் போனேன்.

அந்த ஒரு கணத்தில் எனக்கு என்ன தெரிந்தது தெரியுமா? அவள் கையில் இருக்கிற போன். அதில் இருக்கிற நம்பர். வாசலில் வந்து நிற்கிற அருள். அடைத்துப் பூட்டின இந்த வீடு. மூன்றாவது மாடி. வெளியே பூட்டுகிற சத்தம்.

கை தானாக வாயை மூடிக்கொண்டது.

"குளிக்கறாங்க போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் போய்விட்டாள். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. தப்பித்துவிட்டேன்!

எதிலிருந்து?

அதை யோசித்தபோதுதான் கதவுகள் ஞாபகத்துக்கு வந்தன. முன்கதவு உள்ளே தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள் வேறு. பின்கதவில் ஒரு கீழ்த் தாழ்ப்பாள். நான்தான் போட்டேன், தனியாக இருக்கிறவள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உள்ளிருந்து நான் வெளியே போக முடியாது. கூப்பிட வந்த ஒரே ஆளையும் அனுப்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ரிட்டயர்டு சர்வேயர் இருந்தார். தனி ஆள். கம்பீரமாக நடப்பார். 'எனக்கு யார் தயவும் வேண்டாம்' என்று அடிக்கடி சொல்வார். ஒரு முறை அவர் வாசலில் பால் பாக்கெட்டுகள் எடுக்காமல் கிடந்தன. ஊருக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் வாடை வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள். பாத்ரூம் வாசலில் கிடந்தாராம். கதவுக்குக் கீழே நகக் கீறல் இருந்தது என்று யாரோ சொன்னார்கள். நிஜமோ பொய்யோ... அன்றைக்கு அந்தத் தரையில் உட்கார்ந்து நான் அந்தக் கீறல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகர ஆரம்பித்தேன். நடக்க முடியாதே, உட்கார்ந்தபடியே பின்பக்கத்தை இழுத்து இழுத்து. குழந்தைகள் சில, தவழாமல் அப்படித்தான் போகும். என் சின்ன வீடு அன்றைக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது! படுக்கையறை நிலைப்படியைத் தாண்டுவதற்குள் வியர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரில்.

பாத்ரூம் வழியில்தான் இருந்தது. அவசரமாகப் போக வேண்டியும் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சாண் உயரத்துக்குப் படி. அந்தப் படியின் மேல் என்னை நான் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. முயற்சி செய்தேன். மறுபடியும் முயற்சி செய்தேன். அப்புறம் முயற்சி செய்யத் தேவையில்லாமல் போய்விட்டது. நைட்டி நனைந்து, தரை நனைந்து... அதிலேயே உட்கார்ந்துகொண்டு சத்தம் வராமல் அழுதேன். யாருமே இல்லாத வீட்டில் எதற்குச் சத்தம் வராமல் அழ வேண்டும்? தெரியவில்லை. அப்படித்தான் அழுதேன்.

சமையலறைக்கு வந்து சேர்ந்தேன். போன் ஃபிரிட்ஜ் மேல், சார்ஜில். ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்து, மணிக்கட்டில் சுற்றி இழுத்தேன். வந்தது. ஒயர் மட்டும் என் மடியில் வந்து விழுந்தது. போன் மேலேயே இருந்தது.

அப்போது கத்தினேன்.

"சாந்தா! சாந்தா!"

காலையில் அடக்கிவைத்த குரலை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸ், பொங்கல் என்று அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பேச்சுத் துணைக்கு எஃப்.எம். வேறு. என் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. கீழ் ஷெல்ஃபிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துச் சுவரில் தட்டினேன். பிடி நிற்காமல் அது உருண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு நகர்ந்தேன். எடுத்தேன். தட்டினேன். மோட்டார் நிற்கவில்லை.

கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் வெயில் அடுப்பு மேடையைவிட்டுப் போயிருந்தது. தாகம். வாயில் ஈரமே இல்லை. தட்டுவதை நிறுத்திவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கண்ணை மூடினால் அப்படியே விட்டுவிடுவேனோ என்று பயம். மூடாமல் இருக்கவும் தெம்பில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது. மோட்டார், எஃப்.எம்., என் ஃபிரிட்ஜின் முனகல்... எல்லாமே. கரண்ட் போய்விட்டது!

மின்வாரியத்தை எத்தனை முறை இந்தப் பக்கத்தில் திட்டியிருப்பேன். எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரில் மோதினேன். விடாமல் மோதினேன்.

"யாரு?" என்றாள் சாந்தா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. பிறகு, "மருந்தம்மா? நீங்களா?"

"நான்தான் சாந்தா... விழுந்துட்டேன்."

சமையலறைப் பின்கதவுக்கு ஓடி வந்துவிட்டாள். தாழ்ப்பாள் உள்ளே. என் கை அதற்கு எட்டியது, ஆனால் விரலால் தள்ளச் சக்தி இல்லை. அவள் வெளியிலிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் கரண்டிக் காம்பால் தாழ்ப்பாளை இடித்தேன். விலகியது. நான் பின்னால் நகர்ந்தேன். கதவு திறந்தது. வெளிச்சமும் சாந்தாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

"அய்யோ தேவுடா..."

அவள் கண் என் முகத்திலிருந்து நைட்டிக்குப் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். பீரோவிலிருந்து வேறு நைட்டி எடுத்து வந்தாள். "மொதல்ல இத மாத்திக்கலாங்க. அப்புறமா எந்திரிக்கறதப் பத்திப் பாத்துக்கலாம்" என்றாள்.

எழுப்புவது லேசாக இருக்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். நான் வீறிட்டேன். விட்டுவிட்டாள். பிடித்து இழுத்தாள். அவளும் என்னோடு உட்கார்ந்துவிட்டாள். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் ஒரேயடியாக எழுந்திருக்க வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். முதலில் ஒரு மணைப் பலகை மேல். அங்கிருந்து அவள் வீட்டுக் குட்டை ஸ்டூல் மேல். அங்கிருந்து நாற்காலிக்கு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஓய்வு. நாற்காலியில் உட்கார்ந்தபோது தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

ஃபிரிட்ஜ் மேலிருந்து போனை எடுத்து வந்தாள் சாந்தா. அருளின் மிஸ்டு கால்.

"சாந்தா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். அவன்கிட்ட சொல்லிடாதே."

அவள் போனை என் மடியில் வைத்தாள்.

"காலையில நான் கூப்பிட்டப்பவே கீழதான் இருந்தீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"நாங் கூப்பிட்டது காதுல வுழுந்துச்சா?"

"விழுந்தது."

"அப்புறம் ஏங்க?"

"உன்கிட்ட அவன் நம்பர் இருக்கே... அதான்."

அவள் முகம் சுருங்கியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நம்பர் இருக்குதுங்க. நானா ஒரு தடவகூட போட்டதில்ல. தம்பிதான் வாராவாரம் கேப்பாரு. நல்லா இருக்காங்கன்னு சொல்லுவேன். நீங்க வாசக் கேட்டப் புடிச்சிக்கிட்டுப் படி ஏறுறதும், என்னையப் பாத்தா மட்டும் நேரா நடக்கறதும் எனக்குத் தெரியாதுங்களா? அதக்கூட நாஞ் சொல்லல. ஓசூருக்குப் போயிட்டா எங்க ஆயா மாதிரி ஆயிருவீங்களேன்னுதான்..."

அவளுடைய பாட்டி, கடைசிக் காலத்தில் ஒரு மகள் வீட்டு மூலையில் படுத்தபடியே கிடந்ததை முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"ஆனா இன்னிக்கு மறைக்க மாட்டேங்க" என்றாள். "எனக்கும் பயமா இருக்குது. கரண்டு போவலைன்னா என்னா ஆயிருக்கும்? நான் அந்தப் பக்கம் ரவிக்கை தெச்சிட்டிருப்பேன், நீங்க இந்தப் பக்கம்..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க தம்பிகிட்ட."

போன் மறுபடியும் அடித்தது. சாப்பாட்டு நேரம். எடுத்தேன். சொன்னேன்.

"வரேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்தான். கையில் இரண்டு பெரிய பைகள். காலிப் பைகள். அவன் பீரோவைத் திறந்து என் புடவைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் தோன்றாமல், உண்மையைச் சொன்னேன்.

"அருள், சாந்தா காலையிலேயே வந்து கூப்பிட்டா. நான்தான் பதில் பேசல. நீ கூட்டிட்டுப் போயிடுவேன்னு பயந்துக்கிட்டு."

அவன் கையிலிருந்த புடவை அப்படியே நின்றது.

"செத்துப் போறதவிட நான் வர்றதுதான் உனக்குப் பயமா இருந்துச்சாம்மா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. அதை அம்மா மகனிடம் சொல்ல முடியுமா? நான் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வளர்ந்த பிறகு அவன் அழுது நான் பார்த்தது அவன் அப்பா போன அன்றைக்குத்தான்.

"நீ போன எடுக்கலன்னா நான் மெஷின் முன்னாடி எப்பிடி நிக்கறேன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். "மத்தியானம் லாக்கரத் தொறக்கவே பயமா இருக்கும்மா. என்னா சேதி இருக்குமோன்னு."

எனக்கு அவன் மேல் பயம். அவனுக்கு என் போன் மேல் பயம். சாந்தாவுக்கு இருவர் மேலும் பயம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டு, எல்லோரும் நல்லா இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். கொஞ்சம் பாருங்கள்.

அன்றைக்கு சாயங்காலம் சாந்தாவையும் கூப்பிட்டு வைத்துப் பேசினோம். சத்தம் போட்டோம், கோபித்துக்கொண்டோம், காபி குடித்தோம். கடைசியில் சில விஷயங்கள் முடிவாயின. முன்கதவின் உள்தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு. ஒரு சாவி சாந்தாவிடம். போன் என் கழுத்தில், கயிற்றில். பாத்ரூம் படிக்குச் சரிவும் கைப்பிடியும். சாந்தா காலையும் மாலையும் குரல் கொடுப்பாள், நான் பதில் கொடுப்பேன். பதில் வரவில்லை என்றால் கேட்காமலே திறந்துகொண்டு வரலாம். இது ஈஸ்டர் வரைக்கும். அதன் பிறகு மறுபடியும் பேசுவது என்று ஏற்பாடு.

அருள் பைகளைக் காலியாகவே எடுத்துப் போனான். ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஈஸ்டர் ஒன்றும் ரொம்பத் தூரத்தில் இல்லை.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தர்மபுரியில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போய், விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும். சாந்தாதான் பஸ்ஸில் கூட்டிப்போகிறாள். முதல் சில வகுப்புகள் நாற்காலியிலேயே போயின. தொடைக்கு, கைக்கு என்று பயிற்சிகள். இதெல்லாம் சுலபம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்தப் பெண் ஒரு பாயை விரித்தாள். பக்கத்தில் உறுதியான ஒரு பெஞ்சைப் போட்டாள். சாதாரணமாகச் சொன்னாள்.

"இப்ப கீழ உக்காருங்கம்மா."

தரை... மறுபடியும் தரை. அந்தப் பாய் எனக்குக் கிணறு மாதிரி தெரிந்தது. "நாளைக்கு வச்சிக்கலாமே" என்றேன். "நாளைக்கு வீட்ல விழுந்தீங்கன்னா?" என்றாள் அவள்.

சாந்தா பின்னால் வந்து நின்றாள். பெஞ்சைப் பிடித்தபடி, அந்தப் பெண் தாங்கிக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினேன். உட்கார்ந்தேன். ஜில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு முதுகில் ஏறியதும் அன்றைய காலை முழுவதும் திரும்ப வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மெதுவா ஒரு பக்கமா திரும்புங்க. முழங்கைய பெஞ்சு மேல வைங்க. வலி கம்மியா இருக்கற காலை ஊனுங்க. அவசரமே இல்ல."

முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை பாதியில் நின்று, திரும்பவும் கீழே. சாந்தாவின் மூச்சு என் கழுத்தில் படுகிறது, ஆனால் தொடக் கூடாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் ஒரு தடவை, வலியில் அலறிக்கொண்டே, எப்படியோ பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். பாதி உட்கார்ந்த மாதிரிதான். ஆனாலும் யாரும் தூக்காமல், நானாக.

சாந்தா கைதட்டினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "சூப்பர்ம்மா! இன்னொரு தடவ கீழ உக்காருங்க" என்றாள் அந்தப் பெண்.

தரையில் உட்காருவதற்கு இத்தனை தைரியம் தேவைப்படும் என்று முன்பே தெரிந்திருந்தால், சின்ன வயதிலேயே கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பேன்!